குங்கிலியத்தில் ஒட்டிய பெட்டிகள்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் முடிந்து சில நாட்களில் அண்ணை கொழும்பிலிருந்து வந்தார். அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ்சில் கொக்குவிலுக்கு வந்து, யாரோ கொடுத்த சாரத்தோடும் தனக்குப் பெரிதான ஒரு சேட்டோடும் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தார். அம்மாவுக்கு அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. குசினி வாசலில் நின்றபடி, "ஆர் தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டார். அண்ணை நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டார்.

அவர் கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் வேலை செய்தவர். கடை எரிந்துவிட்டது. முதலாளி என்ன ஆனார் என்று அம்மா கேட்டபோது, "தெரியாதம்மா" என்றார். அதற்கு மேல் அந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அப்பா முன்னரே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பல மாதங்கள் அண்ணை முன்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பழுதான அம்பிளிபயர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்தவர், மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, ஆணிகளைக் கழற்ற ஒரு திருப்புளி கேட்டார்.

அப்படித்தான் எங்கள் முன்னறை றெக்கோடிங் பார் ஆனது. சனம் வெறும் கசெற்றைக் கொண்டுவந்து தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணை இசைத்தட்டிலிருந்து அவற்றைக் கசெற்றில் பதிந்து கொடுப்பார். நான் ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு வீட்டில் நின்ற காலம் அது. கசெற்றில் பெயர் எழுதுவதும் இசைத்தட்டுகளைத் துடைப்பதும் என் வேலை.

அண்ணைக்குக் காது அப்படிப்பட்டது. தெருவில் ஒரு கார் போனால் அதன் இஞ்சினில் எது பிழை என்று சொல்லிவிடுவார். அவரே முதிரைப் பலகை வாங்கி, இழைத்து, ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு செய்தார். வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்ராண்ட் இரண்டு செய்வித்து, நெஞ்சளவு உயரத்தில் அவற்றின் மேல் பெட்டிகளை வைத்தார். சனத்துக்கு அது புதினம். பாட்டுக் கேட்கவென்றே வந்து நின்றார்கள். ஆனால் முதல் நாளே அண்ணையின் முகம் சரியில்லை.

"கேட்டியோ?" என்றார்.

"என்னத்தை அண்ணை?"

"பாட்டுக்குக் கீழை ஒரு உறுமல். நாய் உறுமுற மாதிரி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒலியைக் கூட்டினார். அப்போது கேட்டது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் வரும் வெறுமையில் அது தனியாக நின்று இரைந்தது.

"பெட்டி அதிருது. அது இரும்புக்குப் போய், நிலத்துக்குப் போய், இந்த மேசைக்கு வருகுது. இசைத்தட்டிலை நிக்கிற ஊசி அதையும் பாட்டெண்டு நினைச்சு எடுத்துத் திரும்பப் பெட்டிக்கு அனுப்புது. பெட்டிக்கும் இரும்புக்கும் இடையிலை மெத்தெண்டு ஏதும் வேணும்."

சைக்கிள் ரியூப்பை வெட்டி நான்கு மூலைக்கும் வைத்துப் பார்த்தார். உறுமல் குறைந்தது, ஆனால் பெட்டி ரப்பரின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்தது. யன்னல் கண்ணாடிக்குப் பூசும் புட்டியை வைத்தார். அது ஒரு கிழமையில் கல்லாகி வெடித்தது. தெருப் போட்டவர்களிடம் கொஞ்சம் தார் வாங்கி வந்து வைத்தார். மத்தியான வெயிலுக்கு அது உருகி இரும்புக் கால் வழியே நிலத்துக்கு வழிந்தது. அம்மா மண்ணெண்ணெயும் சீலைத்துண்டுமாக இருந்து சீமெந்து நிலத்தைத் துடைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார்.

எங்கள் வீடு றெயில் பாதைக்குக் கிட்ட. றெயில் போனால் அலுமாரியிலுள்ள கோப்பைகள் எல்லாம் கலகலக்கும். ஒரு பின்னேரம் மேளமும் தவிலுமாகப் பெரிய பாட்டொன்று ஓடிக்கொண்டிருந்தபோது கொழும்பு றெயிலும் வந்தது. ஏற்கனவே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்த வலப்பக்கத்துப் பெட்டி நிலத்தில் விழுந்து ஒரு மூலை சிதறியது. அண்ணை சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அடுத்த நாள் குருநகரிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். என்னைவிட இரண்டொரு வயது இளையவளாக இருப்பாள். தங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாடுகிறவள். பாடற்குழு பாடிய ஞானப்பாடல்களை யாரோ ஒரு சின்னக் கசெற் ரேடியோவில் பதிந்திருந்தார்கள். அதைத் துப்புரவாக்கி வேறு பங்குகளுக்குக் கொடுக்கப் பிரதிகள் எடுக்கவேண்டும் என்றாள். கதைத்துக்கொண்டிருந்தவள் உடைந்த பெட்டியைப் பார்த்தாள்.

"உது ஏன் உடைஞ்சு கிடக்குது?"

"ஸ்ராண்டிலை நிக்குதில்லை. ஒட்டிப் பிடிக்கிற சாமான் ஒண்டு வேணும். அது காயவும் கூடாது, உருகவும் கூடாது," என்றார் அண்ணை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கடை அப்பா வள்ளத்துக்குக் குங்கிலியம் காய்ச்சிறவர். பலகை மூட்டுக்குள்ளை தண்ணி வராமல் அடைக்கிறதுக்கு. அதைக் கொண்டுவந்தால் சரிவருமோ?"

"காஞ்சால் இறுகிப் போகுமே?"

"எண்ணெயைக் கூட்டி விடச் சொல்லுறன்."

பாடல்களை எடுக்க வந்த அன்று பால்மா ரின் ஒன்றில் அதைக் கொண்டுவந்தாள். பனங்கட்டிப் பாகின் நிறம். தொட்டால் விரலோடு வந்தது. சாம்பிராணியும் கடற்கரையும் கலந்த ஒரு மணம். அண்ணை அதில் கொஞ்சம் எடுத்துக் கடலை அளவு உருண்டைகளாக உருட்டினார். ஸ்ராண்டின் தட்டில் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்து, மூலை திருத்திய பெட்டியைத் தூக்கி மேலே இறக்கி, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்தினார். பிறகு என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். தள்ளினேன். அசையவில்லை.

இசைத்தட்டைப் போட்டார். பாட்டு முடிந்த இடத்தில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் இல்லை. வெளியில் ஒரு காகம் கத்தியது கேட்டது.

அண்ணை சிரித்தார். கப்பலில் வந்து இறங்கியதற்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அதன் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். சித்திரை வெயிலுக்குக் குங்கிலியம் இளகும், மார்கழிக் குளிருக்கு இறுகும், ஆகவே புதிதாக வைக்கவேண்டும் என்பது காரணம். ரின்னில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே அடுத்த ரின் வந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"வீடெல்லாம் வள்ளம் மணக்குது," என்பார் அம்மா, அவள் போன பிறகு.

நாங்கள் சைவக்காரர், கொக்குவிலில் காணி பூமி உள்ளவர்கள். அவள் வேதக்காரி, கடற்கரைப் பிள்ளை. அம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டதில்லை. ஆனால் வெளியாட்களுக்கென்று வைத்திருந்த கிளாசில்தான் கொடுப்பார். அது அவளுக்கும் விளங்கியிருக்கவேண்டும். குடித்து முடித்ததும் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அண்ணை ஒருநாள் அந்தக் கிளாசை எடுத்துத் தான் குடித்தார். அம்மா அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் சண்டை எங்கள் பக்கம் வந்தது. ஷெல் விழ விழ ஊர்ச்சனம் முழுவதும் கோயில் மண்டபத்துக்கு ஓடியது. அம்மாவையும் என்னையும் அங்கே இருத்திவிட்டு, "மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன். கட்டினபடி கிடந்து செத்துப்போகும்," என்று அண்ணை திரும்பிப் போனார். அம்மா அவருடைய கையைப் பிடித்தார். அவர் மெதுவாகக் கையைக் கழற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒருவரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அன்றும் மறுநாளும் அம்மா மண்டபத் தூணோடு சாய்ந்து படலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்ந்ததும் நாங்கள் வேலி ஓரமாகக் குனிந்து வீட்டுக்குப் போனோம். மாடு அவிழ்த்து விடப்பட்டிருந்தது. கிணற்றடி மதில் இல்லை. முன்னறை யன்னல்கள் நிலையோடு பிடுங்கப்பட்டு உள்ளே கிடந்தன. ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே அண்ணை சுவரோடு சாய்ந்து இருந்தார். இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. அவருக்கு மேலே இரண்டு பெட்டிகளும் வைத்த இடத்திலேயே நின்றன. எனக்கு அவற்றைப் பார்க்க வெறுப்பாக இருந்தது.

அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, "தம்பி, தம்பி, என்ரை ராசா," என்று குழறினார். அண்ணை அம்மாவின் வாயைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

"ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை?" என்று கேட்டார். மண்டபம் வரை கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாக.

ஆசுப்பத்திரிக்குப் போகப் பாதை திறக்கக் கன நாள் சென்றது. காது டொக்டர் லைற் அடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு மட்டும் என்றால் ஏதாவது செய்யலாம், உள்நரம்பும் செத்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை என்னிடம் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. டொக்டரின் முகத்திலேயே அவர் அதைப் படித்துவிட்டார்.

யன்னல்களுக்குத் தகரம் அடித்துவிட்டுக் கடையை மறுபடி திறந்தோம். பதிவதை நான் பழகிக்கொண்டேன். அண்ணை அருகில் கதிரையில் இருப்பார். சத்தம் எவ்வளவு போகிறது என்று காட்டும் மீற்றரின் முள்ளைப் பார்த்து, "கூடிப்போச்சு, குறை," என்பார். அந்த முள்தான் அவருக்கு மிஞ்சியது. அது ஏறி இறங்குவதைப் பார்த்துப் பாட்டுத் தொடங்கிவிட்டது, சரணம் வந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். கசெற் மாற்றக் குனிந்தால் முள் மறையும். பிறகு எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவார்.

ஒரு காலைநேரம், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அவர் கதிரையை ஸ்ராண்டுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அதன் இரும்பு அடித்தட்டில் இரண்டு வெறுங்கால்களையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பதைக் கண்டேன்.

"போட்டிருக்கிறியோ?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"ஒண்டும் வரேல்லை."

ஏன் வரவில்லை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. குருநகர்ப் பெண் அந்தக் கிழமை வந்தபோது அவளுக்கு இதைச் சொன்னேன். சண்டைக்குப் பிறகும் அவள் வருவதை விடவில்லை. அவள் ஸ்ராண்டையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "குங்கிலியம்தான் அக்கா. அது இரும்புக்கு ஒண்டையும் விடாது," என்றாள்.

"அப்ப கழட்டுவம்."

"மேலை இழுக்காதேங்கோ, வராது. திருகுங்கோ."

இருவரும் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் திருகினோம். ஒட்டிக்கொண்டிருந்தது நூல் நூலாக இழுபட்டு விட்டது. அவள் குசினிக் கத்தியால் சுரண்டினாள். நான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பெட்டியை வெறும் இரும்பின் மேல் வைத்து, தவில் உள்ள இசைத்தட்டு ஒன்றைப் போட்டோம். அண்ணை கால்களை வைத்தார்.

"வருகுது!" என்று கத்தினார்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கன்னம் நனைந்திருந்தது. "பாட்டுத் தெரியேல்லை. ஆர் பாடுகினம் எண்டும் தெரியேல்லை. ஆனா அடி தெரியுது. அடி அடியாய் வருகுது," என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அன்று அம்மா அவளுக்கு எங்கள் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

கால் மூலம் பாட்டைப் பிடிக்கத் தொடங்கியதும் அண்ணை பதிகிற வேலையை மறுபடி தானே எடுத்துக்கொண்டார். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பாட்டு எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சவரம் செய்துகொண்டு காலையிலேயே கடைக்கு வந்து இருந்தார்.

ஆனால் உறுமலும் திரும்பி வந்துவிட்டது. பெட்டியைப் பாட விட்டுக்கொண்டு பதிந்தால் கசெற் முழுவதும் அது கேட்டது. பெட்டியை நிறுத்திவிட்டுப் பதிந்தால் அண்ணையின் காலுக்கு ஒன்றும் வராது. நான் அம்மாவிடம் சொன்னேன்.

"அவனுக்குச் சொல்லாதை," என்றார் அம்மா. "சனம் குறை சொன்னால் வேறை கடைக்குப் போகட்டும்."

அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அண்ணை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, பெட்டிகளை நிறுத்திவிட்டு, அவர் காலையில் பதிந்தவற்றை முழுவதும் அழித்து மறுபடி பதிந்து கொடுத்தேன். மாதக்கணக்காக அப்படி நடந்தது. குருநகர்ப் பெண் வந்தால் அவளும் கூட இருந்து உதவுவாள்.

ஒருநாள் நான் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை மீற்றரை விரலால் காட்டினார்.

"பாட்டு முடிஞ்சுது. காலிலை அடி இல்லை. முள் ஏன் அடிக்கு விழுகுதில்லை?"

நான் துடைத்த இசைத்தட்டையே திரும்பவும் துடைத்தேன்.

"இங்கை என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. இரையுது, என்ன?"

"ஓம் அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"குங்கிலியம் கழட்டின அண்டு தொடக்கம்."

"உதையோ நான் சனத்துக்குக் குடுத்துக்கொண்டிருந்தனான்?"

"இல்லை. நான் பேந்து பதிஞ்சு குடுத்தனான்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பால்மா ரின்னை எடுத்தார். குங்கிலியம் இறுகியிருந்தது. முற்றத்து வெயிலில் அதை வைத்து, இளகும் வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு உருட்டிக் கொண்டுவந்து நான்கு மூலைக்கும் வைத்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். இறக்கி வைத்து, முன்பு போலவே தன் பாரத்தைக் கொடுத்து அமத்தினார். நான் மற்றப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அன்றிலிருந்து அவர் கால்களைக் கதிரைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டார். முள்ளை மட்டும் பார்த்துப் பதிந்தார். வேலை மெதுவாக நடந்தது, ஆனால் கசெற்றுகள் துப்புரவாக இருந்தன.

தொண்ணூறில் கரண்ட் நின்றது. றெயிலும் நின்றது. கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் குருநகரில் இருக்க ஏலாமல் போனது. ஷெல் விழுந்து அவள் வீடு இடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். ஒரு முற்பகல் அவளே சைக்கிளில் வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். வள்ளத்தில் இந்தியாவுக்குப் போகிறோம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, விறாந்தையில் இருந்த அண்ணைக்கு முன்னால் போய் இருந்தாள்.

அண்ணைக்கு மற்றவர்களின் உதட்டைவிட அவளின் உதடு நன்றாக விளங்கும். அவள் குரலை விட்டுவிட்டு உதட்டால் மட்டும் கதைத்தாள். பத்தடி தள்ளி நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் சொன்னது அவர்கள் இருவருக்கும் மட்டும் உரியதாக இருக்கவேண்டும் என்று நினைத்தாளாக்கும். ஆனால் அண்ணைக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது.

"நான் வரேல்லை," என்றார். வளவு முழுவதும் கேட்டது.

அவள் மறுபடி ஏதோ சொன்னாள்.

"கடலிலை ஆபத்தெண்டால் எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் என்னையும் இழுத்துக்கொண்டு ஓட வேணும். இங்கை அம்மா வேறை தனிய."

அவள் அவருடைய கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"ஓம். எனக்கும்தான்," என்றார் அண்ணை. அதையும் வளவு முழுவதும் கேட்டது.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் துலாவை நிறுத்திவிட்டார்கள். அவள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

"தம்பி, போறதெண்டால் போ. எனக்குப் பிள்ளை இருக்கிறாள். நீ போ," என்றார்.

அண்ணை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைக் காணவில்லை. அம்மா அதை இரண்டாந்தரம் சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளுடைய வள்ளம் போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் சொன்னார். அது வேறு வள்ளம் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

கரண்ட் இல்லாத கடை என்ன கடை. முதிரைப் பெட்டிகளை அண்ணை பிரித்துப் பலகைகளைப் பதுங்குகுழிக்கு மேலே போட்டார். ஸ்ராண்டுகள் குசினிக்குப் போய்த் தண்ணீர்க்குடம் தாங்கின. பற்றறியும் வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, பெடலைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும். மாலை செய்தி நேரத்துக்கு எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் எங்கள் முற்றத்துக்கு வரும். பெடலைச் சுற்றுவது அண்ணை. நாங்கள் செய்தி கேட்க, அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு சுற்றுவார். எல்லோர் முகமும் இருண்டால், ஆர் செத்தது என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவேன். அப்படி ஐந்து வருடம் போனது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிகிற நேரம், ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று எங்கள் தெருவால் போனது. ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிடவேண்டும் என்று அறிவித்தது. அண்ணை முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேலால் சனம் ஓடுவதைக் கண்டுதான் கோடாரியைக் கீழே போட்டார்.

அம்மாவுக்கு அப்போது தொய்வு முற்றி, நாலடி நடந்தாலே மூச்சு இழுத்தது. அண்ணை அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் ஒரு சேலையால் சீற்றோடு சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் மற்றச் சைக்கிளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். மழை பெய்தது. வலிகாமத்துச் சனம் முழுவதும் அந்த ஒரு தெருவில் நின்றது. விடியும்போதும் நாங்கள் அரியாலையைத் தாண்டவில்லை. கால் வைக்க இடமில்லாமல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். ஓரிடத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே சரிந்தது. சனம் இரண்டாகப் பிரிந்தபோது அவர்கள் முன்னாலும் நான் பின்னாலும் ஆகிவிட்டோம்.

"அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன். முன்னால் போன எத்தனையோ பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. "அந்தச் சைக்கிள்காரரை நிப்பாட்டுங்கோ, அவருக்குக் காது கேளாது," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். அவரவர்க்கு அவரவர் பிள்ளைகளைப் பிடித்திருக்கவே கை போதவில்லை. அம்மாவின் வெள்ளைத் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு குடைகளும் மூட்டைகளும் அதை மறைத்துவிட்டன.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, சாவகச்சேரியில் கண்ட பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் ஏறி இறங்கித் தேடினேன். அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஓர விறாந்தையில் அண்ணையைக் கண்டேன். பக்கத்தில் அம்மாவைக் கிடத்தி, கட்டிவந்த அதே சேலையால் முகம் வரை மூடியிருந்தது. அண்ணையின் இரண்டு கையும் சைக்கிள் பிடி அழுத்திக் கன்றியிருந்தன.

நான் அழுது முடிக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "பாலத்துக்குக் கிட்ட அம்மா முதுகிலை தட்டினவ. ஏதோ சொல்லுறா எண்டு தெரியும். திரும்பிப் பாத்தால் சைக்கிள் சரியும். பின்னாலை சனம் தள்ளினது. திரும்ப ஏலேல்லை. பாலம் கடந்து பாத்தன், அப்ப கதைக்கேல்லை."

அவர்களுக்குப் பக்கத்தில் பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒரு பெண் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாலம் கடக்கும்போது அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அம்மாவைக் கிடத்த உதவியவரும் அவர்தான். அவருடைய பிள்ளை நித்திரை என்பதால் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"உங்கடை அம்மா தண்ணி கேட்டவ. நான் குடுத்தனான், ரெண்டு மிடறு குடிச்சவ. பேந்து, 'இவனுக்குக் காது கேளாது பிள்ளை, ஆரும் ஏசினால் அவனுக்கு விளங்காது, ஒருத்தரும் அவனோடை கோவிக்க வேண்டாம்,' எண்டு சொன்னவ. பேந்து ஒண்டும் கதைக்கேல்லை. இவருக்குச் சொல்லிப் பாத்தனான். இவர் நிமிந்தே பாக்கேல்லை."

நான் அண்ணையின் கையைப் பிடித்து விரித்து, எழுதத் தொடங்கினேன். 'தண்ணி' என்று எழுதும்போதே அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ எழுதாதை. அவவைச் சொல்லச் சொல்லு. எனக்கு முன்னாலை வந்து, ஆறுதலாய்ச் சொல்லச் சொல்லு."

அந்தப் பெண் குழந்தையை என் மடியில் தந்துவிட்டு எழுந்து வந்து, அண்ணைக்கு எதிரே முழங்காலில் இருந்தார். நனைந்த தலைமயிரை ஒதுக்கி, வாய் நன்றாகத் தெரிய, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அண்ணை அவருடைய உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி குடிச்சவவோ?" என்றார்.

"ஓம் அண்ணை. குடிச்சவ."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அண்ணை இன்னும் ஒரு முறை கேட்டார். அலுக்காமல், முகம் சுளிக்காமல் அந்தப் பெண் அதையும் சொன்னார். குழந்தை என் மடியில் விழித்துக்கொண்டு சிணுங்கியது.

பிறகு அவரை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணையும் நானும் அம்மாவை எரிக்க விறகு தேடிப் போனோம். மழை விட்டபாடில்லை. எங்கே தொட்டாலும் ஈர விறகுதான்.